செயலியை கூகுள் பிளேக்கு வெளியே விற்கலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து: செம்பனைக் குலை எடை, அன்றைய விலை, வெட்டுக்கூலி போட்டால் கணக்குச் சொல்லும் செயலி செய்திருக்கிறேன், 10 ரிங்கிட். இட்ச்.ஐஓ என்ற இணையக் கடையில் விற்றால் சரிவருமா அண்ணே?

பதில்: தம்பி, அங்கே கடைக்கான பங்கை நீயே முடிவு செய்யலாம், மாற்றாவிட்டால் 10 விழுக்காடு. அதுவல்ல சிக்கல். வாங்குபவர் ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு செயலியின் நிறுவல் கோப்பை இறக்கி, தெரியாத செயலியை நிறுவ அனுமதி கொடுக்க வேண்டும்; ஏபிகே மோசடியில் வங்கிப் பணம் போன செய்திகளைக் கேட்ட நம் பெரியவர்கள் எச்சரிக்கை வந்ததுமே பயந்துவிடுவார்கள், அந்தப் பயம் நியாயம்தான்.

பதில்: ஆமாம், பிளேயிலும் போடுங்கள், பதிவுக்கு ஒருமுறை 25 டாலர்தான். அப்புறம் செயலி உங்களுடையதுதான் என்று காட்டும் கையொப்பச் சாவியைப் பத்திரமாக வையுங்கள். இரண்டு கடைக்கும் வேறு வேறு சாவி என்றால், ஒன்றில் வாங்கியதன் மேல் மற்றதன் புதுப்பதிப்பு ஏறாது.