மைலேஜ் குறைந்த என் காரும் கழற்றப்பட்ட தெர்மோஸ்டாட்டும்

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், 2014 மாடல். வீடு மதுரை திருநகர், வேலை மாட்டுத்தாவணி பக்கம். லீவு நாட்களில் நாலுவழிச் சாலையில் விருதுநகர் போய் வருவோம். டவுனுக்குள் 14, ஹைவேயில் 18 என்று கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, போன கோடைக்கு அப்புறம் 12.5, 14.5 என்று இறங்கிவிட்டது.

அளந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பங்க், ஒரே பம்ப். ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, முக்கால் டேங்க் ஓட்டிய பிறகு அதே இடத்தில் மறுபடி ஃபுல். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டுவிட்டு முள்ளைப் பார்த்துச் சொல்கிற கணக்கை வைத்து வண்டியைப் பிரிக்க ஆரம்பிக்கக் கூடாது.

விசாரித்தவர்கள் எல்லாரும் முதலில் சொன்னது ஏர் ஃபில்டர். கார்புரேட்டர் காலத்து வண்டிக்கு அது சரி. இன்ஜெக்‌ஷன் வண்டியில் உள்ளே வரும் காற்றை சென்சார் பார்த்து, அதற்குத் தக்கபடிதான் ஈசியு என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடுகிறது. ஃபில்டர் அடைத்திருந்தால் இழுவை குறையும், மைலேஜ் பெரிதாகக் குறையாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-லேயே சோதித்து இதைச் சொல்லியிருக்கிறது.

அடுத்த சந்தேகம் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இதில் உண்மை இருக்கிறது. எத்தனாலுக்கு பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய வடிவமைப்பு கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. ஆனால் என் வண்டியில் ஹைவே கணக்கு மட்டும் 19 சதவீதம் விழுந்திருக்கிறது. டவுனில் 11 சதவீதம்தான். பெட்ரோல்தான் காரணம் என்றால் இரண்டும் ஒரே அளவில் அல்லவா குறைய வேண்டும்? காற்று குறைந்த டயர், ஒட்டிக்கொண்ட பிரேக் இரண்டையும் பார்த்தாயிற்று, பழுதில்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் பழுதைப் படிப்பதற்கென்று உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஒரு ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, எஞ்சினைக் குளிர வைக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டைப் போனில் கவனித்தேன். கோரிப்பாளையம் நெரிசலில் 80 டிகிரியைத் தாண்டியது. கப்பலூர் டோலைக் கடந்து 80 கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் 70, 65 என்று இறங்கி 62-இல் நின்றது. வெளியே வெயில் 38 டிகிரி! இந்த வகை எஞ்சின் ஓடும்போது 85-இலிருந்து 95 வரை இருக்க வேண்டும். செக் எஞ்சின் விளக்கு எரியவே இல்லை.

காரணம் பழைய பில்லில் இருந்தது. போன கோடையில் ரேடியேட்டர் ஹோஸ் கசிந்து சூடு ஏறியபோது ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தேன். ஹோஸை மாற்றியவர்கள், 'நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை' என்று தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றிவிட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்கவில்லை.

இந்தப் பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது, அதனால்தான் விளக்கமாக எழுதுகிறேன். அந்த வால்வுக்குள் மெழுகு இருக்கும். ஏறக்குறைய 82 டிகிரி வரை அது மூடியே இருக்கும், கூலன்ட் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். மெழுகு உருகி விரிந்ததும் திறந்து ரேடியேட்டருக்கு வழி விடும். வால்வு இல்லையென்றால் முதல் நிமிடத்திலிருந்தே கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும், ஹைவே காற்று அதை இன்னும் குளிர வைக்கும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியு கூடுதல் பெட்ரோல் விடும். ஆயிலும் இளகாமல் உராய்வு கூடும். மதுரை வெயில் நமக்குத்தான் கொடுமை, எஞ்சினுக்கு 38 டிகிரி என்பது குளிர்தான். சில எஞ்சின்களில் ரேடியேட்டருக்குப் போகாமலே கூலன்ட் திரும்பிவிடும் பைபாஸ் வழியை மூடுவதும் இதே வால்வுதான். அவற்றில் கழற்றினால் சூடு குறையாது, ஏறத்தான் செய்யும்.

புது வால்வு, சீல், கூலன்ட் போட்டு, லைனில் இருந்த காற்றையும் எடுத்த பிறகு எந்த ரோட்டிலும் 88 முதல் 92. மைலேஜ் ஹைவேயில் 17, டவுனில் 13. மிச்சக் குறைவு பெட்ரோல் கலப்பால் என்றே நினைக்கிறேன்.

ஸ்கேனர் இல்லாதவர்கள் காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஃபேனிலும் பெல்ட்டிலும் கை படாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வால்வு நன்றாக இருந்தால் சில நிமிடம் ஆறியே இருந்து, திடீரென்று சுடும். ஆரம்பத்திலிருந்தே மெதுமெதுவாகச் சூடு ஏறினால் சந்தேகப்படலாம். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

*

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர்:

அண்ணே, என் வண்டியில் மைலேஜ் குறைந்ததற்குக் காரணம் பிரேக்தான். செக்கானூரணி தாண்டியதும் ஆக்ஸிலேட்டரை விட்டால் வண்டி உருளாமல் சட்டென்று வேகம் குறையும். நிறுத்திப் பார்த்தால் முன்பக்க இடது வீல் மட்டும் அனலாக இருக்கும். பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரின் பின்னில் துரு ஏறி, பேட் டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. பின்னைச் சுத்தம் செய்து, அதற்கென்று உள்ள கிரீஸ் தடவி, கிழிந்த ரப்பர் பூட்டை மாற்றினோம். மைலேஜ் 15-இலிருந்து பழையபடி 17-க்கு வந்துவிட்டது. அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி நிறுத்திவிட்டு, நான்கு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். தொட வேண்டாம், சுட்டுவிடும்.

*

அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகி:

வீட்டுக்காரர் ஊரில் இல்லாததால் காரை நான்தான் எடுக்கிறேன். பிள்ளைகளை ஸ்கூலில் விடவும் கூட்டிவரவும் மட்டும், ஒரு நடைக்கு இரண்டு கிலோமீட்டர். மைலேஜ் 9-தான் வருகிறது. போன மாதம் ராமேஸ்வரம் போனபோது அதே வண்டி 17 கொடுத்தது. எனக்கும் வால்வு போயிருக்குமா?

*

திருநகரிலிருந்து என் பதில்:

இல்லைங்க, ஹைவேயில் 17 வந்திருக்கிறதே, வால்வு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டரில் எஞ்சின் சூடாவதற்குள் ஸ்கூல் வந்துவிடும். திரும்ப எடுக்கும்போது ஆறியிருக்கும். அந்த ஓட்டத்துக்கு 9 சகஜம்தான். ஸ்கூல் வாசலில் ஏசி போட்டு எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தால் இன்னும் குறையும். கடைக்கும் போக வேண்டியிருந்தால் பிள்ளைகளை விட்ட கையோடு, எஞ்சின் ஆறுவதற்குள் போய்விடுங்கள். டயர் காற்றை மட்டும் ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப் செலவு இப்போதைக்கு வேண்டாம்.