லேப்ரடார் குட்டி தண்ணீரைக் கண்டால் ஓடுகிறான், என்ன செய்ய?

கன்னங்குறிச்சிவாசி:
நாய் வளர்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. கறுப்பு லேப்ரடார், ஆண், ஐந்தரை மாதம், பெயர் டைகர். கனடாவில் இருக்கும் என் மச்சான் செப்டம்பரில் சீசன் திறந்ததும் வாத்து வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். சுட்டு விழுந்த வாத்தை அவருடைய நாய் நீந்திப்போய்க் கவ்விவந்து, இறகு கசங்காமல் கையில் கொடுக்கிற வீடியோவை அனுப்பினார். அன்றிலிருந்து எனக்கும் ஆசை. இங்கே வேட்டையெல்லாம் கிடையாது, ஒரு பொம்மையைக் கொண்டுவந்தால் போதும்.

போன ஞாயிறு மூக்கனேரிக்குக் கூட்டிப்போனேன். கூட வந்த நண்பர், "லேப்ரடாருக்கு நீச்சல் பிறவியிலேயே வரும், தூக்கிப் போடு" என்றார். போட்டேன். முங்கி எழுந்து, கண் பிதுங்க, என் கையெல்லாம் கீறிக்கொண்டு கரையேறினான். இப்போது குளிக்கிற பக்கெட்டைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். இன்னொரு தொல்லை: பந்து போட்டால் பாய்ந்து எடுக்கிறான், ஆனால் தருவதில்லை. துவைக்கிற கல்லைச் சுற்றி என்னை ஓடவிடுகிறான். கெடுத்துவிட்டேனா?

ஏற்காட்டுக் காப்பிக்காரர்:
தம்பி, கெடுக்கவில்லை. இந்த வயதில் பட்ட பயம் போகும், நீங்கள் அவசரப்படாமல் இருந்தால். இரண்டு மாதம் ஏரிப் பக்கமே போகாதீர்கள்.

முதலில் அந்தத் துவைக்கிற கல். நீங்கள் துரத்தத் துரத்த, பந்தைத் தருவதைவிட ஓடுவதுதான் அவனுக்கு ருசி. இன்றோடு நிறுத்துங்கள். வீட்டில் நீளமான நடை இருந்தால் கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு ஒரு முனையில் தரையில் உட்காருங்கள். பழைய சாக்ஸை முடிச்சுப் போட்டு எறியுங்கள். எடுத்தால் உங்களிடம் வருவதைத் தவிர அவனுக்குப் போக்கிடம் இல்லை. வந்ததும் பிடுங்காதீர்கள். எல்லாரும் தப்பு செய்கிற இடம் இதுதான். சாக்ஸ் வாயிலேயே இருக்கட்டும், நெஞ்சையும் காதடியையும் தடவிக் கொடுங்கள். கொஞ்சம் கழித்து "விடு" என்று சொல்லி, வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை மூக்கருகே காட்டுங்கள். வாய் தானாகத் திறக்கும். ஒரு வேளைக்கு நாலு எறி. ஐந்தாவதுக்குக் குதிப்பான், அப்போது எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். சாக்ஸை அவனிடமே விட்டால் குதறப் பழகிவிடுவான். இப்போது பல் மாறுகிற வயது வேறு, இழுபறி ஆட்டமும் வேண்டாம்.

நடையில் சரியாக வந்தபிறகு வெளியே முப்பது அடி மெல்லிய கயிறு கட்டிப் பழக்குங்கள். அவன் எடுத்ததும் நீங்கள் எதிர்ப்பக்கம் ஓடுங்கள், பின்னாலேயே வருவான். மீன் இழுக்கிற மாதிரி கயிற்றைச் சுண்டக் கூடாது.

தண்ணீர் விஷயத்துக்கு என் ராணியின் கதையைச் சொல்கிறேன். குட்டியில் ஓடைப்பாலத்தில் வழுக்கி விழுந்தவள். அந்த வருஷம் சித்திரையில், தோட்டத்துக் குட்டையில் கணுக்கால் ஆழத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சோற்றுத் தட்டு என் மடியில். கூப்பிடவே இல்லை. முதல் நாள் கரையிலிருந்து குரைத்தாள். நாலாம் நாள் முன்னங்கால் இரண்டும் தண்ணீரில், பின்னங்கால் கரையில், உடம்பை ரப்பர் மாதிரி நீட்டித் தட்டை எட்டினாள். பதினோராம் நாள் வயிறு நனைந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அது கிடக்கட்டும். நிலை கொள்ளாத ஆழத்துக்கு வந்ததும் பழகாத நாய்கள் முன்னங்காலால் தண்ணீரை அறைந்து செங்குத்தாக நிற்கும். அப்போது அடிவயிற்றில் கை கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்குங்கள், உடம்பு மட்டமானதும் நீந்தத் தொடங்கிவிடுவான். மிதக்கிற பொம்மைக்குக் கடைக்குப் போகவேண்டாம். அரை லிட்டர் காலி பாட்டிலை மூடி, சாக்ஸுக்குள் போட்டுக் கட்டினால் போதும்.

நாமக்கோழி:
நான் பறவை பார்க்கிறவன். வேட்டை இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நல்லது. இருந்தாலும் ஒன்று: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல. பிடிப்பது, விரட்டுவது, அதற்கு முயல்வதுகூடச் சேரும். மூக்கனேரித் திட்டுகளில் முக்குளிப்பானும் நாமக்கோழியும் இருக்கும் இடத்தில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். பொம்மையை விட்டுவிட்டு எதன் பின்னால் போவான் என்று உங்களுக்கே தெரியும்.

மேட்டூர் ரோடு அக்கா:
பெரியவர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. குட்டை, ஏரி எதுவானாலும் எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு இறக்குங்கள். நீந்தியதும் காதைத் துடைத்துக் காயவிடுங்கள், மடிந்த காதுக்குள் ஈரம் நின்றால் சீழ் வைக்கும். தோட்டத்துக் கிணறுகள் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் எங்கள் பக்கத்துக்காட்டு நாய் விழுந்தது. நீந்தத் தெரிந்த நாய்தான், ஏற வழியில்லை. கட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கித்தான் தூக்கினோம்.

கன்னங்குறிச்சிவாசி:
மூன்று வாரம் ஆயிற்று ஐயா. துவைக்கிற கல்லைச் சுற்றி யாரும் ஓடுவதில்லை. நடையில் சாக்ஸை ஒவ்வொரு தடவையும் கொண்டுவருகிறான். "விடு" பாதி நேரம் கோழி இல்லாமலே நடக்கிறது. கொல்லையில் பிளாஸ்டிக் தொட்டியில் நாலு விரல் தண்ணீர் விட்டு நானும் தட்டோடு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள். நேற்று நாலு காலும் உள்ளே. வாலை ஆட்டி என் முகமெல்லாம் தண்ணீர்.

வெள்ளிக்கிழமை நான் கேட்காமலே அப்பாவின் செருப்பைக் கொண்டுவந்து கையில் வைத்தான். ஒரு பல் தடம் இல்லை. இன்னொரு செருப்பைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.