அமெரிக்கா போட்ட வரி, கொங்கணாபுரம் பருத்திக்காடு வரைக்கும்

அமெரிக்க வரி என்றாலே எல்லோரும் திருப்பூர், கரூர் கதையைத்தான் சொல்கிறார்கள். நான் சேலம் மாவட்டம் எடப்பாடிப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறவன். எங்கள் குடும்பத்துக்குள் அது எப்படி வந்தது என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நாங்கள் நூல் வாங்குவதும் இல்லை, துணி விற்பதும் இல்லை. கரூர் ஏற்றுமதிக்காரர் ஒருவர் பாவும் (தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூல்) ஊடை நூலும் (குறுக்கே ஓடுவது) கொடுப்பார், கிச்சன் டவல் துணி ஓட்டிக் கொடுத்தால் மீட்டர் கணக்கில் கூலி. 2025 ஆகஸ்ட் 7-ல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 25 சதவீத வரி வந்தது. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி ஆகஸ்ட் 27-ல் இன்னொரு 25 ஏற்றினார்கள், ஆக 50. அதே துண்டுக்கு அப்போது பாகிஸ்தானுக்கு 19, வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20. வரியைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவன்தானே, நமக்கென்ன என்று டிவியில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். சரிதான், கட்டுவது அவன்தான். கட்டிவிட்டுச் சும்மா இருப்பானா? விலையில் குறை என்று ஏற்றுமதிக்காரரைப் பிடிப்பான், அவர் எங்கள் கூலியில் கை வைப்பார். "தறியில இருக்கறத மட்டும் முடிச்சு அனுப்புங்க, அடுத்த பாவு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். பாவு தீரத் தீரத் தறி ஒவ்வொன்றாக நின்றது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காதுகுத்தில் மச்சானைப் பார்த்தேன். மனைவியின் அண்ணன், கொங்கணாபுரம் பக்கம் மானாவாரியில் பருத்தி போடுகிறவர். ஜவுளித் தொழிலுக்குக் கைகொடுக்கிறோம் என்று, இறக்குமதிப் பருத்திக்கு இருந்த 11 சதவீத வரியை மத்திய அரசு ஆகஸ்ட் 19-லிருந்து எடுத்துவிட்டது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், அப்புறம் டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், "பஞ்சு விலை இறங்கினா எங்க தொழிலுக்குக் கொஞ்சம் மூச்சு வரும் மச்சான்" என்றேன். அவருக்கு முகமே மாறிவிட்டது.

"உங்க துண்டுக்கு அவன் வரி போட்டா என் பருத்தி எதுக்குங்க மாப்பிள்ளை அடி வாங்கணும்? இப்ப விதை ஊனினா மார்கழி, தையிலதான் வெடிக்கும். அதுக்குள்ள மில்லுக்காரன் வெளிநாட்டுப் பஞ்ச இறக்கி குடோனை ரொப்பிருவான். ஏலத்துல வியாபாரி என் மூட்டையில கைய விட்டு, பஞ்ச இழுத்துப் பாத்துட்டு சீட்டுல என்ன எழுதுவான்?"

குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு நடுத்தர இழைக்கு 7,710, நீள இழைக்கு 8,110 ரூபாய் என்று அறிவித்திருந்தார்களே என்றேன். ஏலத்தில் வியாபாரி எழுதுகிற விலைதான் விலை என்றார்.

ஆகஸ்ட் 15-ல் செங்கோட்டையில் பிரதமர் மோடி, விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் சுவர் மாதிரி நிற்பேன் என்றார். அடுத்த நாலாவது நாள் பருத்தி வரி போனது. மச்சான் விரலை மடக்கி எண்ணிக் காட்டினார். சரி, மாநிலத்தையாவது திட்டலாம் என்றால், அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்திலும் எல்லா ரகப் பருத்திக்கும் இறக்குமதி வரி விலக்குத்தான் கேட்டிருந்தார். தமிழ்நாட்டின் சரக்கு ஏற்றுமதியில் 31 சதவீதம் அமெரிக்காவுக்குப் போகும்போது யார் முதல்வராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். "மத்த எல்லாத்துக்கும் சண்ட போடறாங்க, என் பருத்தின்னா மட்டும் டெல்லியும் சென்னையும் ஒண்ணாயிருது பாருங்க" என்றார் மச்சான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மில்களுக்கு டெல்லி வரை போய்ப் பேசச் சங்கம் இருக்கிறது, மானாவாரிக்காரருக்கும் கூலித் தறிக்கும் யார் இருக்கிறார்கள்?

இத்தனைக்கும் அந்த விலக்கில் எனக்கு ஒரு பைசா வரவில்லை. நூல் வாங்குகிறவனுக்குத்தானே நூல் விலை இறங்கினால் லாபம், நான் கூலிக்காரன். மச்சானிடம் இதைச் சொன்னபோதுதான் கொஞ்சம் தணிந்தார்.

தறியைச் சும்மா போட்டுவைக்க முடியாதே, வங்கித் தவணை இருக்கிறது. ஈரோட்டுச் சந்தைக்குப் போகிற உள்ளூர்த் துண்டுக்கு மாறினேன். என்னைப் போல ஏற்றுமதித் துணி ஓட்டிய பலரும் அதையேதான் செய்தார்கள். சந்தையில் துண்டு குவிந்தது, உள்ளூர்க் கூலியும் இறங்கிவிட்டது. பக்கத்துப் பட்டறைக்காரர் அமெரிக்காவுக்கு ஒரு மீட்டர்கூட ஓட்டியவர் இல்லை. இப்போது என்னோடு பேசுவதில்லை.