தலைமைக்கு வருபவர் தன்னை அறிந்துகொள்வது: வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

கிளிநொச்சி, கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளர்

இரணைமடுக் குளத்து நீரை நம்பியிருக்கும் ஓர் அமைப்பில் நான் செயலாளராக இருக்கிறேன். எங்கள் தலைவர் வயது முதிர்ந்தவர். அவருக்குப் பின் நானே வரவேண்டும் என்று சிலர் நேராகவும் சிலர் சாடையாகவும் சொல்லத் தொடங்கியிருப்பதால், இந்தப் பொறுப்புக்கு நான் எப்படிப்பட்ட ஆள் என்ற கேள்வியை இனியும் ஒத்திவைக்க முடியவில்லை.

மழைக்காலப் பயிர்ச்செய்கையான காலபோகத்தில் மழை பல பிணக்குகளை மூடிவிடும். குளத்து நீரை நம்பும் வரண்டகாலச் சிறுபோகத்தில் அப்படியில்லை. குளத்தில் எஞ்சியிருக்கும் நீரைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், முதல் நீர் எப்போது திறக்கப்படும், எந்தத் திகதிக்குப் பின் விதைக்கக்கூடாது என்பதெல்லாம் மாவட்டச் செயலாளர் தலைமையில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும். அந்தப் பரப்பளவு அமைப்புகளுக்குப் பிரிந்து, அமைப்புக்குள் ஒவ்வொரு கமக்காரருக்கும் பிரியும்போதுதான் உண்மையான சண்டை தொடங்கும். ஒருவர் தலைமை தாங்கக்கூடியவரா இல்லையா என்பது எங்கள் ஊரில் அந்தச் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

ஒரு பயிற்சிப் பட்டறையில் எங்களுக்கு ‘ஜொஹாரி சாளரம்’ கற்பிக்கப்பட்டது. ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1955இல் வகுத்த அந்தப் படத்தில் நான்கு கட்டங்கள் உண்டு: எனக்கும் பிறருக்கும் தெரிந்தவை, எனக்கு மட்டும் தெரிந்தவை, பிறருக்கு மட்டும் தெரிந்தவை, எவருக்கும் தெரியாதவை. மூன்றாவது கட்டத்தில் எழுதுவதற்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்றாது என்பதுதானே அந்தக் கட்டத்தின் பொருள் என்று பயிற்றுநர் சிரித்தார். படம் அழகாக இருந்தது. ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்பும் வழியைப் பட்டறை காட்டவில்லை.

நிரப்பியவர் எங்கள் வாய்க்காலின் கடைசிப் பகுதியில் காணி வைத்திருக்கும் ஒரு பெரியவர். நீர் திறப்பதற்கு முன் வாய்க்கால் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது, மண்வெட்டியை ஊன்றி நின்று, மிகச் சாதாரணமாகச் சொன்னார்: “தம்பி, நீர் பேனையை மூடிப் பொக்கற்றுக்குள்ள வைச்சா, அதுக்குப் பிறகு நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை. இனி இவர் கேக்கமாட்டார் எண்டு தெரியும்.”

நான் கூட்டத்தில் ஒருபோதும் குரலை உயர்த்துவதில்லை. அதனாலேயே என்னைப் பொறுமைசாலி என்று எண்ணியிருந்தேன். எனக்குக் கோபம் வருவதும், அது எந்த வழியாக வெளியே வருகிறது என்பதும் ஊர் முழுவதற்கும் தெரிந்திருந்தது. அவர் சொன்னதைச் சரிபார்க்கக் கூட்டறிக்கைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நானே எழுதிய புத்தகம் அது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்ற இடங்களில் வாய்க்காலின் மேற்பகுதியில் காணி உள்ளவர்களின் பெயர்களே திரும்பத் திரும்ப வந்திருந்தன. நீர் கடைசியாகச் சென்று சேர்வோரின் பெயர்கள் வரவுப் பதிவில் இருந்தன, தீர்மானங்களில் இல்லை. அதற்கெல்லாம் என் பேனைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். மேற்பகுதியினருக்கு வசதியும் உறவும் அதிகம். ஆனாலும் யார் பேசவில்லை என்பதைக் கவனிக்கவேண்டிய ஆள் நான்தான்.

இப்போது கூட்டத் தொடக்கத்திலேயே இதைச் சிரித்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன். யாராவது ஒருவர், பெரும்பாலும் இளையவர்களில் ஒருவர், “செயலாளர் பேனையை மூடிட்டார்” என்று குரல் கொடுப்பார். நான் திறப்பேன். கோபம் குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை.

முல்லைத்தீவு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர்

மேலுள்ள அனுபவத்தைப் படித்தபோது, எனக்கு வேறொரு பக்கம் நினைவுக்கு வந்தது. தலைமைக்கு வரும் பெண்களுக்கு, தாம் பிறரை எப்படி அடக்குகிறோம் என்பதைவிட, தாம் எங்கே அடங்கிவிடுகிறோம் என்பதை அறிவதே பெரிய வேலை.

2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்றிருந்த ஓர் இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்த காலத்தில், எங்கள் ஊர்ப் பெண்களுக்காக விபரம் கேட்க அலுவலகங்களுக்கு அடிக்கடி சென்றுவந்தேன். ஊரில் கடன் வசூலிக்க வருபவர்களிடம் வாசலில் நின்று வாதாடும் நான், அலுவலகத்தில் முன்னால் கதிரை இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே பேசியிருக்கிறேன். கேட்கச் சென்ற நான்கு விடயங்களில் இரண்டைக் கேட்டுவிட்டு “ஓம் சேர்” என்று திரும்பிவிடுவேன். இதைக் கவனித்துச் சொன்னவர் என்னுடன் வந்த ஒரு தங்கச்சி: “அக்கா, அங்க நீங்கள் வேற ஆள்.”

அந்த வேறு ஆள் எங்கிருந்து வந்தாள் என்று யோசித்தபோது விடை தெளிவாகவே இருந்தது. 2009இல் நாங்கள், போரால் இடம்பெயர்ந்தவர்களைத் தங்கவைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தோம். தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, பதிவுக்கு வரிசை. மேசைக்குப் பின்னால் இருப்பவர் எதையும் நிறுத்திவிடக்கூடியவர் என்ற எண்ணம் உடம்பில் ஊறிவிட்டது. முகாம் 2012இல் மூடப்பட்டது, ஆனால் கால்கள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தன. இதைப் பலவீனம் என்று எழுத எனக்கு மனமில்லை. அந்தக் காலத்தில் அப்படி நின்றதால்தான் பிள்ளைகளுக்கு உணவு கிடைத்தது. பயிற்சிகளில் ‘உங்கள் பலம், பலவீனம்’ என்று இரண்டு நிரல் போடச் சொல்லும்போது, எங்களைப் போன்றவர்களின் பழக்கங்கள் எந்த நிரலுக்குள்ளும் அடங்குவதில்லை.

இப்போது கேட்கவேண்டியவற்றைத் தாளில் எழுதிச் செல்கிறேன். முதலில் உட்காருகிறேன். அந்தத் தங்கச்சியையும் கூட்டிச் செல்கிறேன், தாளில் விடுபட்டதை அவர் கேட்பார்.

வவுனியா, ஆசிரியர்

இளைஞர் கழகப் பிள்ளைகளுடன் வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தன்னைத் தானே மதிப்பிடும் படிவங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. 1999இல் டேவிட் டன்னிங், ஜஸ்டின் குரூகர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் கடைசிக் காற்பங்கில் இருந்தவர்கள் உண்மையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேரையே முந்தியிருந்தும், அறுபத்திரண்டு பேரை முந்தியிருப்போம் என்று சராசரியாக மதிப்பிட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் ஒரு பகுதி வெறும் புள்ளிவிபர விளைவே என்று பின்னர் சிலர் வாதிட்டதும் உண்மை. எப்படியிருந்தாலும், ‘நான் நன்றாகச் செவிமடுப்பேன்’ என்ற வரிக்கு என் பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்கள்.

படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு விதி வைத்தேன்: தன் கருத்தைச் சொல்லுமுன், தனக்கு முன் பேசியவர் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லவேண்டும். தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட, நன்றாக மேடையில் பேசக்கூடிய ஒரு பையன் முதலிலேயே தடுமாறினான். பேச்சே இல்லாத ஒரு பிள்ளை பிழையின்றிச் சொன்னாள். அவளுக்கே அது புதிய செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. தன்னை அறிவது என்றவுடன் நாங்கள் எல்லோரும் குறைகளையே தேடுகிறோம். தன்னிடம் இருக்கும் திறமையை அறியாமல் ஒதுங்கியிருப்பவர்கள் எங்கள் பகுதியில் அதைவிட அதிகம் என்று நினைக்கிறேன்.

கிளிநொச்சி, கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளர்

முல்லைத்தீவு அக்காவுக்குத் தன்னுடன் வரும் அந்தத் தங்கச்சி கிடைத்தது பெரிய கொடுப்பினை. எல்லோருக்கும் அப்படி ஒருவர் தானாக வாய்ப்பதில்லை. கேட்டுப் பெறவேண்டியிருக்கிறது, கேட்கும் முறையும் முக்கியம். “என்னில் என்ன குறை?” என்று கேட்டால், எங்கள் ஆட்கள் “ஒண்டுமில்லைத் தம்பி, நீர் நல்ல பிள்ளை” என்றுதான் சொல்வார்கள். அது மரியாதை, பொய்யல்ல. அதையே “நேற்றுத் தண்ணீர் முறை கதைக்கும்போது நான் யாரை முடிக்க விடவில்லை?” என்று கேட்டால் பெயர் சொல்கிறார்கள். கூட்டம் முடிந்து ஓரிரு நாட்களுக்குள் கேட்கவேண்டும், பிந்தினால் மறந்துவிடும். கோயிலிலோ செத்தவீட்டிலோ நாலு பேர் முன்னிலையில் கேட்கக்கூடாது. என் தீர்மானத்தால் இழப்படைந்தவரிடமே முதலில் கேட்கிறேன். நண்பர்களிடம் கேட்டால் ஆறுதல்தான் கிடைக்கிறது.