கார் கொக்கி: முதல் தடவை பிய்ந்தது, இரண்டாம் தடவை நின்றது

காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டம். தோப்பிலிருந்து உலர்களத்துக்கு ஒரு கிலோமீட்டர்தான். ஐந்நூறு தேங்காய்க்கு டிராக்டரைக் கிளப்புவானேன் என்று சின்ன இரண்டு சக்கர டிரெய்லர் வாங்கி, வீட்டுக் காருக்குக் கொக்கி வைத்தோம்.

முதல் கொக்கி ஒரு பட்டறையில் போட்டது. பம்பருக்குள் இருக்கும் குறுக்குச் சட்டத்தில் ஆங்கிளை வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள். மூன்றாவது நடையில் இட்டேரிப் (இரண்டு வேலிக்கு நடுவே போகும் வண்டித்தடம்) பள்ளத்தில் இறங்கி ஏறும்போது படாரென்று சத்தம். சட்டம் பிய்ந்து, டிரெய்லர் சறுக்கிப் போய்க் கிளுவை வேலியில் முட்டி நின்றது. சற்று முன்புவரை என் மகள் அதன் பின்னால்தான் நடந்து வந்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். அந்தக் குறுக்குச் சட்டம் பின்னாலிருந்து இடித்தால் நசுங்குவதற்காக வைத்தது, இழுப்பதற்காக அல்ல. இழுவையைத் தாங்குவது டிக்கித் தரைக்கு அடியில் இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் பெட்டிச் சட்டங்கள். காரின் கையேட்டில் எவ்வளவு இழுக்கலாம் என்று எடை போட்டிருக்கும். இழுக்கவே கூடாது என்றிருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் முறை என் காருக்கென்றே செய்த கொக்கியை வாங்கி, மச்சானும் நானும் வீட்டு வாசலிலேயே மாட்டினோம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்தோம். பம்பரைக் கழற்றினால் பெட்டிச் சட்டத்தில் ரப்பர் மூடி போட்ட ஓட்டைகள் ஏற்கெனவே இருந்தன. அதனால் வெல்டிங்குக்கு வேலையே இல்லை. சட்டம் உள்ளே வெற்று. வெறும் போல்ட்டை முடுக்கினால் தகடு நசுங்கும், நசுங்கினால் பிடி தளரும். அதனால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் உள்ளே இரும்புக் குழாய்த் துண்டு, வெளியே தடித்த பிளேட். எல்லாம் 12 மில்லிமீட்டர், 8.8 கிரேடு என்னும் உறுதியான ரக போல்ட். முறுக்கு விசையை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் 80 நியூட்டன் மீட்டர் வைத்து முடுக்கினோம். கைக்கணக்கு இங்கே ஆகாது. சுரண்டிய இடமெல்லாம் பிரைமர் அடித்தோம். விளக்குக்கு டெயில் லைட் ஒயரை வெட்டி ஒட்டாமல் ரிலே சுவிட்சும் ஃபியூஸும் வைத்துத் தனி ஒயர் இழுத்தோம். கொக்கி கழன்றாலும் வண்டி ஓடிவிடாமல் இருக்க இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டோம்.

பாரம் ஏற்றுவதை மட்டும் அப்புச்சிதான் (அம்மாவின் அப்பா) சொல்லிக் கொடுத்தார். “முன்பாரம் ஏறுனா மாட்டுக் கழுத்து புண்ணாகும், பின்பாரம் ஏறுனா பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். இதுக்கும் அதேதான் கண்ணு” என்றார். அதேதான். பாரத்தோடு டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு, டிரெய்லர் மாட்டும் கொக்கி உருண்டையில் அமர வேண்டும். பின்னால் கனத்தால் டிரெய்லர் வாலாட்டும், காரின் பின்சக்கரம் பிடி இழக்கும். முன்னால் அளவுக்கு மீறினால் காரின் முகம் தூக்கி, ஸ்டியரிங் லேசாகிவிடும். குளியலறைத் தராசை ஒரு கட்டைக்கு அடியில் வைத்து டிரெய்லரின் ஏர்க்காலை (முன்னால் நீளும் இழுவைக் கம்பி) அதன்மேல் நிறுத்தி எடை பார்க்கிறேன். 300 கிலோ வண்டிக்கு 30 கிலோ காட்டினால் கிளம்புவோம்.

தார் ரோட்டுக்கு இதைக் கொண்டுபோவதில்லை. ரோட்டில் ஓட டிரெய்லருக்குத் தனியாகப் பதிவு வேண்டும். காரில் செய்யும் மாற்றத்துக்கும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பொருந்தும். மாட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருபது நடை முடிந்ததும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் இரண்டாவது போல்ட் கால் சுற்று இறங்கியது. இப்போது எல்லா நட்டிலும் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டிருக்கிறோம். நட்டு திரும்பினால் கோடு விலகிக் காட்டிவிடும். வண்டியை எடுப்பதற்கு முன் குனிந்து கோட்டைப் பார்ப்பது என் மகளின் வேலை.