குரோட்டன்ஸ் செடியின் தண்டை இப்போதே வெட்டலாமா?

அனைவருக்கும் வணக்கம். சென்னை வேளச்சேரியில், மூன்றாம் மாடி வீட்டில் நான் வளர்க்கும் ‘பெட்ரா’ வகைக் குரோட்டன்ஸ் ஆறு வாரங்களாக அடியிலைகளை உதிர்த்துக்கொண்டே வருகிறது. புதிய இலைகளோ, விரிந்து பல நாட்களாகியும் மஞ்சளும் சிவப்பும் ஏறாமல் வெறும் பச்சையாகவே நிற்கின்றன.

செடிக்கு இரண்டு வயது; உயரம் இரண்டரை அடி. ஜூன் வரை கிழக்குப் பால்கனியில் காலை வெயில் பட்டு நன்றாகவே இருந்ததை, சுவருக்கு வண்ணம் பூசும் வேலைக்காகக் கூடத்துக்குள் கொண்டுவந்து ஏசிக்கு எதிரே வைத்தேன். இடம் மாறினால் குரோட்டன்ஸ் இலைகளைக் கொட்டும் என்று அறிவேன்; ஆனால் அந்தக் கோபம் இரண்டு மூன்று வாரங்களில் தணிந்துவிடும் என்றே எண்ணியிருந்தேன்.

நீர் மிகுந்துவிட்டதோ என்று ஐயுற்று, மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே ஊற்றினேன். தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்ததில் வேர்கள் வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தன. பின்னர் இலைகளின் அடிப்புறத்தில் மெல்லிய வலையும், வெள்ளைத் தாளில் தட்டினால் ஊர்ந்து நகரும் புள்ளிகளும் தென்பட்டதால், சிவப்புச் சிலந்திப் பேன் என்று முடிவு செய்து, இலைகளைக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து வாரம் ஒருமுறையாக நான்கு முறை தெளித்தேன். பேன் ஒழிந்தது; உதிர்வு குறைந்ததே தவிர நிற்கவில்லை. பத்து நாட்களுக்கு முன் செடியைப் பால்கனிக்கே மாற்றிவிட்டேன். உரம் எதுவும் இடவில்லை.

இப்போது நுனியில் ஒன்பது இலைகள் மட்டுமே உள்ளன. கீழே ஓரடிக்கும் மேல் தண்டு மொட்டையாக நிற்கிறது, ஆனால் நகத்தால் கீறினால் உள்ளே பச்சையாகவே இருக்கிறது. பக்கக் கிளைகள் வருவதற்காக இத்தண்டை இப்போதே பாதியில் வெட்டலாமா, அல்லது இலைகளில் நிறம் திரும்பும் வரை காத்திருக்க வேண்டுமா?