வனக்குழு வாங்கித் தந்த அண்டா

என் தாயார் பிறந்த ஊர் அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ளது. 1962-இல் முண்டந்துறையும் 1976-இல் களக்காடும் சரணாலயங்களாகி, இரண்டும் சேர்ந்து 1988-இல் புலிகள் காப்பகமான பின்னரும், எங்கள் ஊர்ப் பெண்கள் விடியுமுன் மலையேறி, வெயில் ஏறுவதற்குள் விறகுச் சுமையோடு இறங்கிவந்து, அதை விற்ற காசில்தான் அன்றைய அரிசியை வாங்கினார்கள். வனத்துறையார் என்றால் அரிவாளைப் பிடுங்கிக்கொள்பவர்கள் என்பதற்கு மேல் ஊருக்கு எதுவும் தெரியாது.

1990-களின் நடுவில் உலக வங்கி நிதியுடன் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, அதே துறையினர் கோயில் முன்பு கூட்டம் போட்டுக் கிராம வனக்குழு அமைக்கச் சொன்னதை எவரும் எளிதில் நம்பவில்லை. விறகுக்குப் போவதை விட்டவர்களுக்குக் குழுவின் நிதியிலிருந்து கடன் கிடைத்தது. திரும்பி வந்த அசலும் வட்டியும் ஊரிலேயே தங்கி அடுத்தவருக்குக் கடனாகின. என் பெரியம்மா அப்படித்தான் ஒரு கறவை மாடு வாங்கினார்கள்.

ஆனால் எனக்கு மாட்டைவிட நினைவில் நிற்பவை, குழுவின் பணத்தில் ஊருக்குப் பொதுவாக வாங்கிய சமையல் பாத்திரங்கள்தாம். பெரிய அண்டாவின் விளிம்புக்குக் கீழே ‘கி.வ.கு.’ என்று புள்ளிபுள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். அதுவரை கல்யாணமோ சடங்கோ வந்தால் பாத்திரங்களை டவுனிலிருந்து வாடகைக்கு ஏற்றிவர வேண்டும். ஓர் அடுக்கு குறைந்தாலும் அபராதம். குழுவின் வாடகை அதில் பாதிகூட இல்லை, அதுவும் குழுக் கணக்கிலேயே சேர்ந்தது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் வாடகை கிடையாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிவிட்டார்கள். கொடையன்று அந்த அண்டாவில் சாம்பார் கொதிக்க, சீருடையில் வந்த வனக்காவலர் ஒருவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதை ஊரே வேடிக்கை பார்த்தது.

பிற்காலத்தில் மாறுதலாகி வந்த ஓர் அலுவலர் கூட்டத்துக்கே வரவில்லை. வீடுவீடாகப் போய்ப் பதிவேட்டில் கைரேகை வாங்கியதோடு கூட்டம் நடந்ததாக ஆயிற்று. கடன் நிலுவை பெருகியதை விட இதையே நான் பெரிய நட்டமாகக் கருதுகிறேன்.

*

மேலே எழுதியவரின் ஊருக்குச் சற்றுத் தெற்கே உள்ளவன் நான். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் சிறு வயது முதல் போய்வருகிறேன். காட்டுக்குள், தாமிரபரணிக் கரையில் குடில் போட்டுத் தங்கும் கூட்டத்தை வனத்துறை தனியாகச் சமாளிக்க முடியாது. ஒருமுறை பாபநாசம் சோதனைச்சாவடியில் எங்கள் பைகளைத் திறந்து பார்த்து, நெகிழிப் பைகளையும் சோப்பையும் எடுத்துவைத்தவர்கள் சீருடைக்காரர்கள் அல்லர். அடிவார ஊர்களின் இளைஞர்கள். காவலர் கேட்டிருந்தால் என் மாமா சண்டைக்குப் போயிருப்பார். கேட்டது தெரிந்த பையன் என்பதால், முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டார். ஆற்றில் பழந்துணி விடும் வழக்கத்தை மட்டும் அந்தப் பையன்களாலும் நிறுத்த முடியவில்லை.

அந்த வருடம் எங்கள் பக்கத்துக் குடிலில் பொங்கலிட்டவர்களின் பானையிலும் ‘கி.வ.கு.’ என்று வெட்டியிருந்தது. எந்த ஊர்க் குழுவுடையது என்று கேட்கத் தோன்றவில்லை.